உமிச் சாம்பலிலிருந்து நானோ சிலிக்கா: துகளின் அளவையும் வடிவத்தையும் உற்பத்தியின்போதே அளப்பது எப்படி?

டெல்டாவில் உமிக்குப் பஞ்சமில்லை. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை ரைஸ்மில் பாய்லரில் எரித்தால், உமியில் மறுபடி ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். ஒரு டன் நெல்லுக்கு 40 கிலோ சாம்பல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மில்லுக்குப் பின்னால் குவிந்து கிடந்து, காற்றடித்தால் பக்கத்து வீட்டுக் கொடித்துணியில் போய் உட்காரும் அந்தச் சாம்பல், நன்றாக எரிந்திருந்தால் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. காஸ்டிக் சோடாக் கரைசலில் கொதிக்கவைத்து, கரியை வடிகட்டி, தெளிந்த சிலிக்கேட்டில் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளையாகப் படியும். கழுவி, உலர்த்தி, அரைத்தால் கான்கிரீட்டுக்கும் டயர் ரப்பருக்கும் பெயின்டுக்கும் போகிற சரக்கு.

செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியில்தான் சிக்கல் தொடங்குகிறது: “பார்ட்டிகிள் சைஸ் என்ன?”

ஒரு வினைக்கலம், ஒரு வடிகட்டி, ஒரு உலர்த்தி, ஒரு அரைவை மிஷின், ஓரத்தில் சின்னதாக ஒரு லேப். இப்படி ஒரு ஆலையை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு செய்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அளவைப் பற்றி வரும் தகராறுகளில் பாதிக்கு மேல், கருவியின் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே நடந்து முடிந்தவை என்பது என் கட்சி. மாதிரியை எடுத்த விதமும் அதைத் தண்ணீரில் பிரித்த விதமும்தான் காரணம். அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே இடம் அதிகம்.

படி 1: எந்த அளவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

படியவைத்த சிலிக்காவில் மூன்று தட்டுகளில் அளவு இருக்கிறது. அடித்தட்டில் முதன்மைத் துகள், பெரும்பாலும் 10 முதல் 30 நானோமீட்டர். அந்தத் துகள்கள் வளரும்போதே ஒன்றோடொன்று இணைந்து உருவாகும் கொத்து அடுத்தது, நூறிலிருந்து சில நூறு நானோமீட்டர் வரை. மூன்றாவது, உலரும்போது கொத்துகள் சேர்ந்து ஆகும் கட்டி; இது மைக்ரான் கணக்கு (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்). சோற்றில் சொன்னால் பருக்கை, குழைந்து ஒட்டிய பருக்கைகள், கரண்டியில் வரும் கட்டி. கட்டியை விரலால் உதிர்த்துவிடலாம், குழைந்ததைப் பிரிக்க முடியாது.

இப்போது ஒரே சாக்கிலிருந்து எடுத்த பொடியை நான்கு கருவிகளுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பு அளவி 15 நானோமீட்டர் என்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கி 18 என்கிறது. ஒளிச்சிதறல் கருவி 220 என்கிறது. லேசர் விளிம்புவளைவுக் கருவி (லேசர் டிஃப்ராக்ஷன்) 12 மைக்ரான் என்கிறது. நான்கும் சரியாக இருக்க முடியும். முதல் இரண்டும் பருக்கையைப் பார்த்தன, மூன்றாவது கொத்தைப் பார்த்தது, நான்காவது கட்டியை.

ஆகவே வாங்குபவரிடம் திருப்பிக் கேளுங்கள். ரப்பர்க்காரருக்கு மேற்பரப்பும் கொத்தும் முக்கியம். பெயின்ட்காரருக்குப் பெரிய கட்டி ஒன்றிரண்டு இருந்தாலும் தலைவலி, பூச்சில் மணல்மணலாகத் தெரியும். சட்டப்படி இது நானோவா என்று ஏற்றுமதிக்காகக் கேட்டால் எண்ணிக்கைக் கணக்கு வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் 2022 பரிந்துரைப்படி, எண்ணிக்கையில் பாதி அல்லது அதற்கு மேற்பட்ட துகள்கள் 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருந்தால் அது நானோப் பொருள். கொத்துக்குள் இருக்கும் துகளும் அந்தக் கணக்கில் சேரும். கைக்கு மாவாகத் தெரிகிற பொடியும் காகிதத்தில் நானோதான்.

படி 2: சாம்பலைச் சோதித்துவிட்டு உள்ளே எடுங்கள்

ஏறத்தாழ 700 டிகிரிக்குள் எரிந்த உமிச் சாம்பலில் சிலிக்கா ஒழுங்கற்ற அமைப்பில் இருக்கும்; காஸ்டிக்கில் சுலபமாகக் கரையும். பாய்லர் அதைவிடச் சூடாகி நீண்டநேரம் ஓடினால் கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறத் தொடங்கும். அது கரைய மறுக்கும், விளைச்சல் குறையும். அதைவிட முக்கியமாக, படிகச் சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுப்பது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பட்டியலில், வைத்திருக்கிறது.

இதற்கு எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் கருவி) போதும். தாமிரக் கதிரில் எடுத்த படத்தில் 22 டிகிரிக் கோணத்தின் பக்கம் அகலமான மேடு மட்டும் இருந்தால் நல்ல சாம்பல். ஒரு நுணுக்கம்: கிறிஸ்டோபலைட்டின் முக்கிய முனையும் (படத்தில் கூர்மையாக எழும் கோடு) அதே 22 டிகிரிக்கு அருகில்தான் வரும். மேட்டின் தலையில் கூர்மையாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள். 26.6 டிகிரியில் முனை இருந்தால் அது குவார்ட்ஸ். சாம்பலோடு களத்து மணலையும் சேர்த்து வாரியிருக்கிறார்கள்.

ஷெரர் சூத்திரத்தால் முனையின் அகலத்திலிருந்து அளவு கணக்கிடலாம் என்று படித்திருப்பீர்கள். அது படிகத்துக்கு மட்டும். துத்தநாக ஆக்சைடுக்குப் போடலாம், ஒழுங்கற்ற சிலிக்காவுக்குப் போட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஆனாலும் போட்டு அனுப்புகிற ரிப்போர்ட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

படி 3: வினைக்கலத்தின் பக்கத்தில் நில்லுங்கள்

அமிலம் இறங்கும்போது கரைசல் உடனே வெளுக்காது. முதலில் கண்ணாடி போலத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில், ஒரு சோதனைக்குழாயில் எடுத்துக் கறுப்புத் தாளுக்கு முன்னால் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மெல்லிய நீலம் தெரியும். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள் நீலத்தை அதிகம் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. அதே குழாயை விளக்குக்கு எதிரே பிடித்தால் லேசான மஞ்சள். துகள்கள் வளர்ந்து கொத்தாகச் சேர்ந்ததும் நீலம் போய்ப் பால்வெள்ளை ஆகிவிடும். நீலத்திலிருந்து பாலுக்கு மாறும் நேரத்தை ஒவ்வொரு பேட்சுக்கும் குறித்து வையுங்கள். காசில்லாத அளவீடு இது. வெப்பநிலையோ அமில வேகமோ பிசகினால் முதலில் காட்டிக்கொடுப்பதும் இதுதான்.

கண்ணை நம்பாதவர்கள், குடிநீர் லேபில் இருக்கும் அதே கலங்கல் மீட்டரை வாங்கிக்கொள்ளலாம். கலங்கல், பி.எச்., வெப்பநிலை மூன்றையும் நிமிடத்துக்கொரு தடவை எழுதினாலே பேட்சின் ஜாதகம் கையில் இருக்கும். குழாயிலேயே பொருத்தி ஓடும்போதே அளக்கும் ஒளிச்சிதறல் கருவிகளும் உலகத்தில் உண்டு. சிறு ஆலைக்கு அந்த விலை இப்போது தேவையில்லை என்பது என் எண்ணம். கலத்துக்குப் பத்தடி தூரத்தில் மேசைக் கருவி ஒன்று இருந்தால் போதும்.

கலத்திலிருந்து எடுத்த மாதிரி லேபுக்குப் போகும் வழியிலும் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். எடுத்த உடனே, அந்த இடத்திலேயே, ஐம்பது மடங்கு குளிர்ந்த சுத்த நீரில் கலந்துவிடுங்கள். உப்பும் சூடும் குறைந்ததும் வளர்ச்சி பெரும்பாலும் நின்றுவிடும்.

படி 4: மாதிரி எடுப்பது

நெல் மூட்டையில் குத்தூசி விட்டு ஒரு கையளவு எடுத்துப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. ஈரப்பதம் பார்க்க அது போதும். பொடிக்குப் போதாது. சாக்கில் கொட்டும்போது கனமான கட்டிகள் உருண்டு ஓரத்துக்குப் போகும், தூள் நடுவில் நிற்கும். லாரியில் குலுங்கிக்கொண்டு மன்னார்குடியிலிருந்து திருச்சி போவதற்குள் தூள் சந்து வழியாகக் கீழே இறங்கிவிடும். குத்தூசி எந்த இடத்தில் நுழைந்ததோ அந்த இடத்தின் கதைதான் கையில் வரும்.

பொடி நகரும்போது எடுக்க வேண்டும், ஓட்டத்தின் முழு அகலத்தையும் குறுக்கே வெட்டி எடுக்க வேண்டும். துகள் அளவீட்டுத் துறையின் பழைய விதிகள் இவை. அரைவை மிஷினின் வாயில் பொடி விழும்போது, ஒரு தட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வேகமாக இழுங்கள். ஓரத்தில் நீட்டிப் பிடிக்காதீர்கள். ஒரே தடவை நிறைய எடுப்பதைவிட, பேட்ச் ஓடும் நேரம் முழுக்கப் பரவலாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை எடுப்பது மேல்.

சேர்ந்ததைக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக் கலக்கி, மறுபடி நான்காக்கி, சில பத்து கிராம் வரும்வரை குறையுங்கள். சுழல் பிரிப்பான் இருந்தால் இன்னும் நல்லது.

அதற்குப் பிறகுதான் பலர் கோட்டை விடுவது. கருவிக்குத் தேவை சில மில்லிகிராம். அதைக் கரண்டி நுனியில் உலர்ந்த பொடியாக எடுத்தால் இதுவரை பட்ட பாடு வீண். முழு ஒரு கிராமையாவது நீரில் போட்டுக் குழம்பாக்கி, காந்தக் கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பாத்திரத்தின் நடு உயரத்திலிருந்து பிப்பெட்டால் உறிஞ்சுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு தொல்லை. அடைமழை நாளில் தராசுத் தட்டில் பொடியை வைத்துவிட்டுப் பாருங்கள், கடைசி இலக்கம் ஏறிக்கொண்டே போகும். சிலிக்கா ஈரத்தைக் குடிக்கிறது. மாதிரிப் புட்டிகளை டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) வையுங்கள், திறந்த நேரத்தைக் குறியுங்கள்.

உலர்ந்த பொடியைக் கையாளும்போது நல்ல முகக்கவசமும் காற்றிழுக்கும் பெட்டியும் கட்டாயம். துணி கட்டிக்கொண்டால் போதாது.

படி 5: தண்ணீரில் பிரிப்பது

போர் தண்ணீர் வேண்டாம். நாகை, வேதாரண்யம் கரையோரம் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருப்பது எல்லோரும் அறிந்தது. துகளைச் சுற்றியிருக்கும் மின்னூட்டப் போர்வையை உப்பு ஒடுக்கிவிடும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அயனி நீக்கிய நீரை 0.2 மைக்ரான் வடிகட்டியில் விட்டுப் பயன்படுத்துங்கள். வடிகட்டுவது நீரை மட்டும்தான். மாதிரியையே வடிகட்டி, “பெரிய கட்டி எதுவும் இல்லை” என்று எழுதுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

பொடியைச் சரியாகக் கழுவியிருக்கிறோமா என்பதும் இங்கேதான் வெளிப்படும். வடிநீரில் ஒரு சொட்டு பேரியம் குளோரைடு விடுங்கள். வெள்ளையாகத் திரிந்தால் சல்பேட் இன்னும் போகவில்லை. பேரியம் உப்பு விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சிலிக்காவின் மின்னூட்டம் பி.எச். 2-3 பக்கம் பூஜ்யமாகும். அங்கிருந்து மேலே போகப்போக எதிர்மின் அதிகமாகும். கொஞ்சம் அம்மோனியா சேர்த்து 9-க்குப் பக்கத்தில் வைத்தால் நன்றாகப் பிரிந்து நிற்கும். 10-ஐத் தாண்ட விடாதீர்கள், சிலிக்கா கரைவது வேகமெடுக்கும். ஸீட்டா மின்னழுத்தம் (துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு தள்ளுகின்றன என்று காட்டும் அளவு) அளக்கும் வசதி இருந்தால், 30 மில்லிவோல்ட்டுக்கு மேல், எந்தக் குறியாக இருந்தாலும், நிலைத்த கலவை என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

அடுத்தது சோனிகேட்டர், அதாவது நீரில் முக்கிய முனையிலிருந்து மீயொலி விட்டுக் கட்டிகளை உடைக்கும் கருவி. எத்தனை நிமிடம் என்று கேட்பவர்களுக்கு நேரடி விடை கிடையாது. புதுப் பொருளுக்கு ஒருமுறை உட்கார்ந்து, ஒவ்வொரு நிமிடச் சோனிகேஷனுக்குப் பிறகும் அளவை எடுத்து வரைபடம் போடுங்கள். எண் விழுந்துகொண்டே வந்து ஒரு இடத்தில் தட்டையாகும். கட்டி எல்லாம் உடைந்து கொத்து மட்டும் மிஞ்சிய இடம் அது. அந்த நேரத்தோடு கொஞ்சம் சேர்த்து உங்கள் விதியாக எழுதிக்கொள்ளுங்கள். நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. சக்தி, கனஅளவு, பாத்திரத்தின் வடிவம், முனை எவ்வளவு ஆழத்தில் இருந்தது எல்லாம் வேண்டும். பாத்திரத்தை ஐஸில் வைத்துச் செய்யுங்கள். முனையின் டைட்டானியம் தேய்ந்து மாதிரியில் கலக்கும், சாம்பல் நிறம் தட்டினால் முனையை மெருகிட்டு மாற்ற வேண்டிய நேரம்.

படி 6: ஒளிச்சிதறல் கருவி

டி.எல்.எஸ். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். துகள் நீரில் எவ்வளவு வேகமாகத் தள்ளாடுகிறது என்று லேசரால் பார்த்து, அதிலிருந்து அளவைக் கணக்கிடுகிறது. ஐ.எஸ்.ஓ. 22412 இதற்கான தரம்.

கணக்கில் நீரின் பாகுநிலை இருப்பதால் வெப்பநிலை உயிர்நாடி. 25 டிகிரி என்று மென்பொருளில் போட்டுவிட்டு, சித்திரை வெயிலில் 35 டிகிரிக்குச் சூடான மாதிரியை வைத்து உடனே அளந்தால், 100 நானோமீட்டர் துகள் ஏறக்குறைய 78 என்று தெரியும். ஐந்து நிமிடமாவது உள்ளே ஆறவிடுங்கள்.

ஆறவிடும்போது எதிர்த்திசையில் ஒரு பொறி. திண்ணிய சிலிக்காவாக 5 மைக்ரான் கட்டி இருந்தால், ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்க ஒன்பது நிமிடம் போதும். பத்து நிமிடம் கழித்து அளந்தால் கட்டிகள் அடியில் உட்கார்ந்திருக்கும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். குவெட்டின் (மாதிரி வைக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) அடியை வெளிச்சத்தில் பார்க்காமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள்.

சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. ஒரு 100 நானோமீட்டர் துகள், 10 நானோமீட்டர் துகளைவிடப் பத்து லட்சம் மடங்கு ஒளிரும். கொஞ்சம் தூசி விழுந்தாலும் அதுதான் பேசும், சின்னது வாயே திறக்காது. இதனால்தான் மென்பொருள் காட்டும் ‘எண்ணிக்கைப் பரவல்’ வரைபடத்தை நான் சான்றிதழில் போடுவதில்லை. பெரியதைக் கணக்கால் கழித்து வந்த ஊகம் அது. சராசரியும், அளவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் பரவல் குறியீடும் போதும். குறியீடு 0.1-க்குக் கீழே என்றால் ஒரே சீர். 0.5-ஐத் தாண்டினால் சராசரியை நம்பி எதுவும் செய்ய வேண்டாம், படி 5-க்குத் திரும்புங்கள்.

ஒரே மாதிரியை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு நீர்க்க வைத்து மறுபடி அளந்து பாருங்கள். எண் மாறாத இடமே சரியான அடர்த்தி.

படி 7: மேற்பரப்பு

பி.இ.டி. முறை 1938-இல் புருனாவர், எம்மெட், டெல்லர் மூவரும் தந்தது. மைனஸ் 196 டிகிரியில் நைட்ரஜன் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்து, ஒரு கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர் என்று சொல்லும். முதன்மைத் துகளின் அளவுக்கு மாற்ற, சிலிக்காவின் அடர்த்தி 2.2 என்று எடுத்துக்கொண்டால், 2727-ஐ அந்தப் பரப்பால் வகுக்க வேண்டும். 180 சதுர மீட்டர் என்றால் 15 நானோமீட்டர். 50 என்றால் 55.

உருண்டையாகவும் உள்ளே துளை இல்லாமலும் இருந்தால்தான் இது சரி. துளை இருந்தால் பரப்பு கூடி, துகள் உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். வாயு நீக்கிய பின் இருக்கும் எடையைத்தான் கணக்கில் போட வேண்டும், மழைக்காலத்தில் இது கட்டாயம்.

படி 8: வடிவம் பார்க்க நுண்ணோக்கி

மேலே சொன்ன எல்லாக் கருவிகளும் துகளை உருண்டை என்று வைத்துக்கொள்கின்றன. குச்சியா, தட்டா, மணிமாலை போன்ற சங்கிலியா என்று கண்ணால் பார்க்க டி.இ.எம். (எலக்ட்ரான்கள் மாதிரியை ஊடுருவிப் படமெடுக்கும் நுண்ணோக்கி) வேண்டும். மேற்பரப்பை மட்டும் வருடிப் பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியான எஸ்.இ.எம்.மில் தங்கப் பூச்சு சில நானோமீட்டர் தடிமன் ஏறும். 15 நானோமீட்டர் துகளை அளக்க வந்த இடத்தில் அது பெரிய கலப்படம்.

அந்தக் கருவியை யாரும் சொந்தமாக வாங்கப் போவதில்லை. அரசுப் பணத்தில் வாங்கிய ஆய்வுக் கருவிகளை ஐ-ஸ்டெம் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். தஞ்சாவூர், திருச்சி, திருவாரூர் உயர்கல்வி நிறுவனங்களையும் கேட்டுப் பாருங்கள். மாதிரியை மட்டும் கூரியரில் அனுப்பிவிட்டு நான்கு படம் வாங்கி வராதீர்கள். கூடவே போங்கள், அல்லது விதிகளை எழுதிக் கொடுங்கள். ஏனென்றால் கருவி இயக்குபவர் நல்ல மனத்தோடுதான் அழகான இடமாகத் தேடிப் படமெடுப்பார். நமக்கு வேண்டியது அழகு இல்லை. மாதிரியைத் தாங்கும் சிறு உலோக வலையின் எந்தெந்தச் சதுரங்களைப் படமெடுப்பது என்பதைத் திரையைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அந்தச் சதுரத்தில் என்ன இருந்தாலும் எடுக்க வேண்டும்.

மாதிரி மிக நீர்த்து இருக்கட்டும். சொட்டு காயும்போது தண்ணீரின் இழுவையே துகள்களைக் குவித்துவிடும், பிறகு எது நிஜக் கொத்து, எது காய்ந்ததால் சேர்ந்தது என்று சொல்ல முடியாது.

படத்தை இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். அளவுகோல் கோட்டை வைத்து முதலில் அளவைப் பதியுங்கள். இருள்-வெளிச்ச எல்லையை ஒருமுறை தீர்மானித்தால் எல்லாப் படங்களுக்கும் அதையே வையுங்கள். படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்ட துகள்களை விலக்குங்கள். ஒட்டியவற்றை மென்பொருள் தானாக வெட்டித் தரும், ஆனால் சங்கிலியாகப் பிணைந்த சிலிக்காவில் அது கண்டபடி வெட்டும். அங்கே கையால் வட்டம் போடுவதே நல்லது, அலுப்பாக இருந்தாலும்.

ஒவ்வொரு துகளுக்கும் மூன்று எண் போதும்: அதே பரப்புள்ள வட்டத்தின் விட்டம், நீள-அகல விகிதம், வட்டத்தன்மை. கடைசியது பரப்பை 4π-ஆல் பெருக்கிச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுப்பது. வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.785. துகளின் குறுக்கே இருபது பிக்சலாவது இல்லாவிட்டால் வட்டத்தன்மையை எழுத வேண்டாம், பிக்சலின் படிக்கட்டு ஓரம்தான் அளக்கப்படும்.

எத்தனை துகள்? அளவின் சிதறல் 30 சதவீதம் என்று வையுங்கள். 30 துகள் எண்ணினால் சராசரியின் பிழை ஐந்தரை சதவீதம், 300 எண்ணினால் ஒன்றே முக்கால். வாலில் இருக்கும் பெரியவற்றைப் பற்றிப் பேச வேண்டுமானால் 300 கூடப் போதாது.

படி 9: அன்றாடக் கட்டுப்பாடு

எல்லாக் கருவியும் எல்லா நாளும் வேண்டியதில்லை. கலத்தில் ஒவ்வொரு பேட்சுக்கும் கலங்கல், பி.எச்., வெப்பநிலை. அரைத்த பின் ஒவ்வொரு பேட்சுக்கும் ஒளிச்சிதறலும், கட்டிகளுக்கு லேசர் விளிம்புவளைவும். பின்னதில் சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 1.46 என்று போட மறக்காதீர்கள். லாட்டுக்கு ஒரு பி.இ.டி. சாம்பல் வரும் மில் மாறும்போதும், செய்முறையில் ஏதாவது மாற்றும்போதும் எக்ஸ்.ஆர்.டி.யும் டி.இ.எம்.மும். குறுவை முடிந்து சம்பா உமி வரத் தொடங்கும் சமயத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வேன்.

வாரம் ஒருமுறை, அளவு சான்றளிக்கப்பட்ட பாலிஸ்டைரீன் மணிகளை டி.எல்.எஸ்.ஸில் வைத்துப் பாருங்கள். சிலிக்காவே வேண்டுமானால் ஐரோப்பிய ஆணையத்தின் இ.ஆர்.எம்.-எஃப்.டி.100 இருக்கிறது, 20 நானோமீட்டர் வகை. அதன் சான்றிதழில் முறைக்கு ஒரு எண் தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள். ஏன் நான்கு கருவி நான்கு எண் சொல்கிறது என்று சந்தேகப்படும் வாடிக்கையாளரிடம் அந்தத் தாளைக் காட்டலாம். உங்கள் சொந்தப் பொடியிலும் ஒரு நல்ல பேட்சைப் புட்டிகளில் அடைத்து மூடி வைத்து, மாதம் ஒன்றைத் திறந்து, படி 4-இலிருந்து முழுக்கச் செய்யுங்கள். மணிகள் கருவியைச் சோதிக்கும், இந்தப் புட்டி உங்கள் கையைச் சோதிக்கும்.

முதல் இருபது, இருபத்தைந்து நல்ல பேட்சுகளின் சராசரியும் திட்டவிலக்கமும் எடுத்து, மேலும் கீழும் மூன்று விலக்கத்தில் கோடு போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். கோட்டைத் தாண்டினால் பேட்சை நிறுத்துங்கள். தாண்டாவிட்டாலும், தொடர்ந்து எட்டுப் புள்ளி சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ நகர்கிறது. அமில பம்பின் வேகம், கலக்கியின் பெல்ட், சாம்பலின் மில், இந்த வரிசையில் தேடுங்கள்.

சான்றிதழில் வெறும் “20 நானோமீட்டர்” என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: பி.இ.டி. பரப்பு, அதிலிருந்து கணக்கிட்ட விட்டம், எடுத்துக்கொண்ட அடர்த்தி, டி.எல்.எஸ். சராசரி, பரவல் குறியீடு, பி.எச்., வெப்பநிலை, சோனிகேஷன் சக்தியும் நேரமும், டி.இ.எம். நடு விட்டம், நீள-அகல விகிதம், எண்ணிய துகள்களின் எண்ணிக்கை. லேசர் விளிம்புவளைவில் டி10, டி50, டி90 (பொடியில் முறையே 10, 50, 90 சதவீதம் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறது என்பது). கீழே மாதிரி எடுத்த இடமும் தேதியும், அந்தப் பேட்சின் சாம்பல் எந்த மில்லிலிருந்து வந்தது என்பதும்.